முள்ளங்கி இலையெல்லாம் ஓட்டை, கிட்டப் போனால் குதித்து ஓடும் கறுப்பு வண்டு: என்ன செய்யலாம்?

கிணத்தடி_வாடிப்பட்டி:
எல்லாருக்கும் வணக்கம். வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் முள்ளங்கி போடுகிறோம். மொத்தமாக விதைக்காமல் வாரத்துக்கு ஒரு துண்டு என்று விதைத்துக்கொண்டே வருவோம், அப்போதுதான் பரவை மார்க்கெட்டுக்கு விடாமல் கட்டு போட்டு அனுப்ப முடியும், ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டினால் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். மாசி பிறந்து வெயில் ஏறியதிலிருந்து புதிதாக முளைக்கிற துண்டுகள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. வித்திலை விரிந்த உடனே பொடிப் பொடியாக ஓட்டை, நாலு நாளில் இலை சல்லடை மாதிரி ஆகிவிடுகிறது. கடுகை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வண்டு, வெயிலில் பார்த்தால் லேசாக நீலம் அடிக்கிறது, குனிந்தாலே டக்கென்று குதித்துக் காணாமல் போகிறது. உரக்கடையில் இலையைக் காட்டினேன், இலைப்புழு என்று சொல்லி பி.டி. பாக்டீரியா பாக்கெட் ஒன்று கொடுத்தார்கள். ரெண்டு தடவை அடித்தாயிற்று, வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் காசு போனது. படம் போட்டிருக்கிறேன். இது என்ன வண்டு, எதற்குக் கட்டுப்படும்?

மேலூர்_மச்சான்:
தெள்ளு வண்டு அண்ணே. எங்கள் பக்கம் காலிஃபிளவர் நாற்றங்காலில் இதே கூத்துதான். சாம்பல் தூவுங்கள், விடிகாலையில் பனி ஈரத்தோடு தூவினால் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சி_நோட்டு:
மேலூர்க்காரர் சொன்னது சரி, தெள்ளு வண்டுதான். படத்தில் பின்னந்தொடை எவ்வளவு தடியாக இருக்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். அந்தத் தொடைக்குள் சுருள்வில் மாதிரி ஒரு கெட்டியான உறுப்பு இருக்கிறது, அதை இழுத்து விட்டுத்தான் குதிக்கிறது. லண்டன் மியூசியத்தில் வேலை பார்த்த சமரேந்திர மௌலிக் என்ற நம் நாட்டுப் பூச்சியியல்காரர் 1929இல் அதை விவரித்து எழுதினார், அதனால் இன்றைக்கும் அதற்கு மௌலிக் உறுப்பு என்றே பெயர். விஷயத்துக்கு வருகிறேன். முள்ளங்கி, கோஸ், கடுகு வகைகளைத் தின்கிற தெள்ளு வண்டுகள் ஃபில்லோட்ரெட்டா என்ற பேரினம். அதில் ஸ்ட்ரியோலாட்டா என்ற இனத்துக்கு முதுகில் ரெண்டு மஞ்சள் கோடு இருக்கும், உங்கள் படத்தில் கோடு இல்லை. நீலம் மினுங்குகிற கறுப்பு என்றால் குரூசிஃபெரே வகையாகத் தெரிகிறது. இனத்தை உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் உங்கள் வேலைக்கு இவ்வளவு போதும், ரெண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

பி.டி. ஏன் கேட்கவில்லை என்றால், கடைகளில் கோஸ் புழுவுக்கென்று விற்கிற குர்ஸ்டாகி வகை, அந்துப்பூச்சிப் புழு தின்றால் மட்டும் வேலை செய்யும். வண்டுக்கு அது வெறும் தூசி. கடைக்காரர் குழம்பியதற்கும் காரணம் உண்டு, வைரமுதுகுப் பூச்சியின் புழுவும் முள்ளங்கி இலையைத்தான் அரிக்கும். ஆனால் புழு சுரண்டிய இடத்தில் மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வண்டு கடித்தது சின்னச் சின்ன வட்டக் குழி, பிறகு காய்ந்து உதிர்ந்து ஓட்டை.

கிணத்தடி_வாடிப்பட்டி:
அப்படியென்றால் கண்ணாடித்தாள் எதுவும் இல்லை, எல்லாம் வட்ட ஓட்டைதான். நன்றி சார். மேலூர் தம்பி, சாம்பல் தூவிப் பார்த்தேன், அடுத்த தண்ணி பாய்ச்சலோடு போய்விட்டது. இவ்வளவு இடத்துக்குச் சாம்பலுக்கு எங்கே போவது, எங்கள் வீட்டில் எல்லாரும் கேஸுக்கு மாறிப் பல வருசம் ஆகிவிட்டது.

பெரியவர்_சோழவந்தான்:
அந்தக் காலத்தில் பி.எச்.சி. பவுடர் ஒரு தூவு தூவினால் ஒரு வண்டு நிற்காது. பிறகு செவின் வந்தது. இப்போது எதைக் கேட்டாலும் இல்லை என்கிறான், தடை என்கிறான், விவசாயி என்னதான் செய்வது?

பூச்சி_நோட்டு:
அய்யா, பி.எச்.சி. 1997இல் தடையானது. மண்ணில் வருசக்கணக்கில் மக்காமல் கிடக்கும், மாட்டுப்பால் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. செவின் என்று நாம் சொல்லும் கார்பரில் 2018இல் தடைப் பட்டியலில் ஏறியது. பழைய டப்பா யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து கீரை, முள்ளங்கிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று 2005லேயே சொல்லிவிட்டார்கள், அதற்குப் பிறகும் அடித்தவர்கள் உண்டு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பெரியவர்_சோழவந்தான்:
தெரியும் தம்பி. கொடிக்காலில் வேலை பார்த்தவன் நான், மருந்து வாடை எனக்குப் புதுசு இல்லை. ஆனால் மாற்று என்ன என்று சொல்லிவிட்டுத் தடை போடு என்கிறேன்.

உரக்கடை_தம்பி:
நானும் கடை வைத்திருக்கிறவன்தான், எல்லாக் கடைக்காரனையும் ஒரே கண்ணில் பார்க்காதீர்கள். கசங்கிய இலையைப் பைக்குள் இருந்து எடுத்துக் காட்டினால் யாருக்குத்தான் தெரியும், பூச்சியைப் பிடித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வந்தால் நாங்களும் சரியாகச் சொல்வோம். இந்த வண்டுக்கு பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து ஒன்று அடித்தால் அன்றைக்கே கொட்டிவிடும். ஒரே அடி, வேலை முடிந்தது.

பூச்சி_நோட்டு:
//ஒரே அடி, வேலை முடிந்தது//
கொட்டும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வந்து இன்னொரு பாட்டில் கேட்பாரா இல்லையா? நீங்கள் அடிப்பது இலை மேல் உட்கார்ந்திருக்கிற வண்டை மட்டும். இதன் முட்டை வேரடி மண்ணில். அதிலிருந்து வருகிற வெள்ளைப் புழு வேரைக் கடித்துக்கொண்டு மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகத்தான் வெளியே வரும். முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய ஒரு மாதம், வெயில் காலத்தில் இன்னும் சுருக்கமாக. மேலே அடிக்கிற எந்த மருந்தும் அந்தப் புழுவைத் தொடாது. நடுவில் சிலந்தி மாதிரி நமக்கு உதவுகிற ஜீவன்கள் செத்ததுதான் மிச்சம்.

இன்னொன்று, பாட்டில் லேபிளில் முள்ளங்கி என்று போட்டிருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. முள்ளங்கி 45 நாள் பயிர். நம் ஊரில் அதன் கீரையையும் பொரியல் செய்து சாப்பிடுகிறார்கள்.

பரவை_கமிஷன்:
மார்க்கெட் ஆள் பேசுகிறேன். மேல்தோலில் பழுப்புப் பழுப்பாகக் கோடு விழுந்த முள்ளங்கி வருகிறதே, அதுவும் இந்தப் புழு வேலைதானா? தண்ணி பத்தாமல் வெடித்தது என்று விவசாயி சொல்கிறார், ஓட்டல்காரர் எடுக்க மாட்டேன் என்கிறார், நடுவில் நான் முழிக்கிறேன்.

பூச்சி_நோட்டு:
ரெண்டும் உண்டு அண்ணாச்சி. வெடிப்பு நீளவாக்கில் ஆழமாகப் பிளந்திருக்கும். தெள்ளு வண்டுப் புழு தோலோடு தோலாகச் சுரண்டிக்கொண்டு போகும், வளைந்து வளைந்து மேலோட்டமாகக் கோடு தெரியும். மஞ்சள் கோடு வண்டின் புழு முள்ளங்கியில் இந்த வேலையை அதிகம் செய்யும். சீவிவிட்டுச் சாப்பிட ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் விலை கேட்டால் குறையத்தான் செய்யும்.

மாடித்தோட்டம்_கோமதிபுரம்:
நான் மாடியில் தொட்டியில்தான் முள்ளங்கியும் கடுகுக்கீரையும் போடுகிறேன். போன முறை கொசுவலை போட்டு மூடியும் வண்டு உள்ளே வந்துவிட்டது அண்ணா. வலை சின்னக் கண்ணிதான், எப்படி நுழைந்தது என்றே புரியவில்லை.

யானைமலை_அடிவாரம்:
நுழைந்திருக்காது அக்கா, உள்ளேயே இருந்திருக்கும். அதே தொட்டியில் முன்னால் முள்ளங்கியோ கடுகோ இருந்ததா? மண்ணில் கூட்டுப்புழு கிடந்தால் வலைக்குள்ளேயே பிறந்து வலைக்குள்ளேயே தின்னும், வெளியே போகவும் வழி இல்லை. வலை போடுவதென்றால் இந்தக் குடும்பம் வளராத மண்ணில், விதைத்த அன்றைக்கே போட வேண்டும். ஓரத்தைத் தொட்டி விளிம்போடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். அந்தப் பழைய மண்ணில் இந்த முறை வெண்டையோ தக்காளியோ வையுங்கள்.

மாடித்தோட்டம்_கோமதிபுரம்:
ஆமாம், கடுகுக்கீரை எடுத்த தொட்டிதான்! சரி, மண்ணை மாற்றிப் பார்க்கிறேன்.

திருமங்கலம்_கரிசல்:
வெண்டை வையுங்கள் என்று சொல்கிறீர்கள், எங்கள் வெண்டையிலேயே குதிக்கிற வண்டு இருக்கிறதே. பழுப்பாக, இதை விடக் கொஞ்சம் பெரிதாக. பக்கத்துக் காட்டு முள்ளங்கியிலிருந்து வந்ததா?

பூச்சி_நோட்டு:
இல்லை, அது வேறு ஆள். தெள்ளு வண்டில் ஆயிரக்கணக்கான இனங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு செடிக் குடும்பம்தான் சாப்பாடு. வெண்டையைத் தின்கிறது வெண்டை, புளிச்சக்கீரைச் சொந்தத்தோடு நின்றுவிடும், முள்ளங்கியைத் திரும்பிப் பார்க்காது. முள்ளங்கி வண்டும் அப்படித்தான். கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுகிற காரம் இருக்கிறதல்லவா, மற்றப் பூச்சிகளை விரட்ட அந்தச் செடிகள் வைத்திருக்கிற சரக்கு அது. இந்த வண்டுக்கு அதுதான் விருந்துக்கு அழைப்பு, அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே வரும். ஆண் வண்டு தின்ன ஆரம்பித்துவிட்டால் அதுவும் ஒரு வாடை விட்டு மற்றதையெல்லாம் கூப்பிடும். அதனால்தான் ஒரு பாத்தியில் ஒன்றுமே இருக்காது, அடுத்த பாத்தியில் அள்ளலாம்.

1970இல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடுகுக் குடும்பம் தவிர அதே கார எண்ணெய் உள்ள வேறு சில குடும்பங்களையும் தின்றது, அதில் வேளைச்செடிக் குடும்பமும் ஒன்று. கிணத்தடி அண்ணே, உங்கள் வரப்பில் நல்வேளை, நாய்க்கடுகு மண்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முள்ளங்கி இல்லாத நாளில் வண்டு அங்கே காலம் தள்ள வாய்ப்பு உண்டு.

சிறுமலை_மிளகு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். மிளகில் வருகிற பொள்ளு வண்டும் தெள்ளு வண்டு இனம்தானே?

பூச்சி_நோட்டு:
ஆமாம். அதன் புழு மிளகு மணிக்குள் புகுந்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும், மணி வெறும் கூடாகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கீழே இருக்கிற தோட்டங்களில்தான் அது பெரிய தொல்லை, நிழல் அதிகமாக இருந்தால் இன்னும் மோசம். சிறுமலை உயரத்துக்கு நீங்கள் கொஞ்சம் தப்பித்தீர்கள்.

சிறுமலை_மிளகு:
சரிதான், எங்களுக்கு அவ்வளவு இல்லை, கேரளாவில் தாழ்வில் தோட்டம் வைத்திருக்கிற மச்சான்தான் புலம்புவார். நீங்கள் முள்ளங்கியைப் பாருங்கள்.

கிணத்தடி_வாடிப்பட்டி:
வரப்பில் நாய்க்கடுகு இருக்கிறது, போய்ப் பார்த்தேன், அதிலும் ஓட்டை. சரி, அதைப் பிடுங்கிவிடலாம். இப்போது நான் அடுத்த துண்டு விதைக்க வேண்டும், அதற்கு என்ன செய்வது? நேராகச் சொல்லுங்கள்.

யானைமலை_அடிவாரம்:
நேராகச் சொன்னால் கோபிக்கக் கூடாது அண்ணே. உங்கள் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது. வாரத்துக்கு ஒரு துண்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அப்படித்தானே விதைக்கிறீர்கள்? முதல் துண்டில் இறங்கிய வண்டு முட்டை வைத்து, ஒரு மாதத்தில் அதன் பிள்ளைகள் மண்ணிலிருந்து ஏறி வரும்போது அந்தத் துண்டு முற்றி அறுவடைக்கு நிற்கும். பக்கத்திலேயே அப்போதுதான் முளைத்த துண்டு. எட்டிக் குதித்தால் போதும். வருசம் பூரா நீங்களே பந்தி வைத்துப் பரிமாறுகிறீர்கள். மருந்தை மாற்றி மாற்றி அடிப்பதை விட விதைக்கிற இடத்தை மாற்றுங்கள். ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு காடு, அந்தப் பக்கம் ஒரு காடு இருந்தால் பழைய துண்டு ஒன்றிலும் புதுத் துண்டு இன்னொன்றிலும். அறுவடை முடிந்த துண்டில் சொத்தைக் கிழங்கையும் தழையையும் விட்டு வைக்காமல் அன்றைக்கே வாரி எடுத்து உழுதுவிட்டு, அடுத்ததாக நிலக்கடலையோ சோளமோ முளைக்கீரையோ. காலிஃபிளவர், கோஸ், நூக்கல், டர்னிப் எதுவும் அங்கே கூடாது, எல்லாம் ஒரே சொந்தம்.

கிணத்தடி_வாடிப்பட்டி:
கோபம் இல்லை தம்பி. ஆனால் இருப்பது ஒரே கிணறு, ஒரே மோட்டார். தண்ணி எட்டுகிற இடத்தில்தானே விதைக்க முடியும்? வாரம் விட்டு விதைக்காமல் நிறுத்தினால் பரவையில் நம் இடத்தை இன்னொருவன் பிடித்துக்கொள்வான்.

பரவை_கமிஷன்:
அது உண்மை. தொடர்ந்து சரக்கு தருகிறவருக்குத்தான் வியாபாரி முதலில் போன் போடுவார்.

பூச்சி_நோட்டு:
ஒரே கிணறு என்றால் தூரத்துக்குப் பதிலாகக் கலப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரூட் என்பவரும் கூட்டாளிகளும் இதே குரூசிஃபெரே வண்டை வைத்துச் சோதனை செய்தார்கள். கோஸ் குடும்பத்தில் காலர்ட் என்று ஒரு கீரை, அதைத் தனியாக மொத்தமாக வைத்த இடத்தில் வண்டு குவிந்தது. தக்காளி மாதிரி வேறு செடிகளுக்கு நடுவே வைத்த இடத்தில் குறைந்தது. 1972, 73இல் வெளியானவை, இன்றைக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டுகிற ஆய்வுகள். வேறு வாடை குறுக்கே வந்தால் வண்டுக்குச் செடியைக் கண்டுபிடிப்பது சிரமம், வந்தாலும் தங்காமல் போய்விடும். உங்களுக்கு ரெண்டு முள்ளங்கித் துண்டுக்கு நடுவில் கொத்தமல்லி, சின்ன வெங்காயம் அகலமாக வரட்டும். ரெண்டுக்கும் மார்க்கெட் இருக்கிறது, நட்டம் இல்லை.

மேலூர்_மச்சான்:
சுற்றிலும் கடுகு விதைத்தால் வண்டு அதற்குப் போய்விடும் என்கிறார்களே?

யானைமலை_அடிவாரம்:
போகும். முள்ளங்கி விதைப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே கடுகை விதைத்திருக்க வேண்டும், அப்போதுதான் வெளியிலிருந்து வருகிற வண்டு முதலில் அதில் இறங்கும். ஆனால் இறங்கியதை அங்கேயே தீர்க்க வேண்டும், மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் கடுகு வரிசையில் மட்டும் அடித்துக்கொள்ளலாம். அந்தக் கடுகுக்கீரையை வீட்டுக்குப் பறித்துவிடாதீர்கள். தீர்க்காமல் அப்படியே விட்டால் நாமே வண்டுக்கு நாற்றங்கால் போட்டுக் கொடுத்த கதைதான். என் அனுபவத்தில் கடுகு போடுகிற பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, பிறகு கடுகால்தான் வண்டு வந்தது என்று திட்டுவார்கள்.

பூச்சி_நோட்டு:
இதோடு வேப்பங்கொட்டைக் கரைசல். பெரியவர் மாற்று கேட்டாரே, இதுதான். 5 கிலோ பருப்பைப் பொடித்து 10 லிட்டர் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி அடியுங்கள். சோப்பு இல்லையென்றால் இலையில் நிற்காது. சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் சத்து முறிந்துவிடும். ஆடியில் பொறுக்கிய கொட்டை இப்போதும் நன்றாக இருக்கும், பூஞ்சணம் பிடித்தது வேண்டாம். இது வண்டைக் கொட்ட வைக்காது, தின்ன விடாமல் செய்யும், அதனால் அடித்துவிட்டு மறுநாள் போய்ச் செத்த வண்டைத் தேடாதீர்கள். வித்திலை விரிந்ததும் ஒரு அடி, ஒரு வாரம் விட்டு இன்னொரு அடி. அடியுரத்தோடு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு.

முக்கியமானது, காக்க வேண்டியது முதல் ரெண்டு மூன்று வாரம் மட்டும். நாலைந்து நிஜ இலை வந்த பிறகு ஓட்டை விழுந்தாலும் செடி தாங்கும், அதற்கு மேல் அடிப்பது வீண் செலவு. கனடாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் கனோலா என்ற கடுகுக் குடும்ப எண்ணெய்வித்துப் பயிர் போடுகிறவர்களுக்கும் இதே வண்டுதான் தலைவலி, அவர்களே இளஞ்செடியில் கால்வாசி இலைப் பரப்பு போன பிறகுதான் தெளிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஓட்டையைப் பார்த்ததும் டேங்கைத் தூக்க வேண்டியதில்லை.

உரக்கடை_தம்பி:
மஞ்சள் ஒட்டுப்பொறி எங்கள் கடையிலும் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

பூச்சி_நோட்டு:
நல்லதுதான், மஞ்சளுக்கு இந்த வண்டு வரும். செடி உயரத்துக்குத் தாழ்வாக நட வேண்டும். ஆனால் வண்டு இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளத்தான், அட்டையை மட்டும் நட்டு ஒரு ஏக்கரைக் காப்பாற்ற முடியாது.

நாட்டுக்கோழி_பாலமேடு:
கோழியை விடுங்கள் அண்ணே, பத்துக் கோழி இருந்தால் வண்டு பூரா காலி.

பெரியவர்_சோழவந்தான்:
முள்ளங்கியும் காலி.

கிணத்தடி_வாடிப்பட்டி:
:) எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். கிழக்கு ஓரத்தில் நிலக்கடலை எடுத்த துண்டு சும்மாதான் கிடக்கிறது, ஓஸ் குழாய் எட்டும். அடுத்த விதைப்பு அங்கே. பழைய துண்டுக்கும் அதற்கும் நடுவில் கொத்தமல்லி. வேப்பங்கொட்டை அம்மா சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சந்தேகம், கடுகுக்குத் தனியாக விதை வாங்க வேண்டுமா, மளிகைக்கடைக் கடுகு முளைக்குமா?

யானைமலை_அடிவாரம்:
பெரும்பாலும் முளைக்கும் அண்ணே. பழைய சரக்காக இருந்தால்தான் ஏமாற்றும். ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டி ரெண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் முளை விட்டால் தாராளமாக விதைக்கலாம். எப்படியும் பத்து நாள் முன்னாலேயே போட வேண்டும், அதனால் இன்றைக்கே ஊறப்போடுங்கள்.